மானியத்தோடு விவசாயமா, சொந்தக் காசில் விவசாயமா? எதற்கு எது சரி

"நாலு ஏக்கர் இருக்கிறது. சொட்டுநீர் போடணும், மோட்டாருக்கு வழி பண்ணணும். மானியத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பதா, நகையை அடகு வைத்து இப்போதே போட்டுவிடுவதா?" இந்தக் கேள்வி ஏதாவது ஒரு வடிவத்தில் அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் சிலர் அலுவலகத்துக்கு அலைந்து சலித்தவர்கள். சிலர் மானியம் கிடைக்கும் என்பதற்காகவே தோட்டத்துக்குத் தேவையில்லாத பொருளை வாங்கிப் போட்டவர்கள். இரண்டு பேருக்கும் பதில் ஒன்றாக இருக்க முடியாது. அதனால் ஒவ்வொரு செலவையும் தனித்தனியாக எடுத்துப் பார்க்கலாம். கணக்கெல்லாம் தமிழ்நாட்டுக்கானது.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "நான் அரசாங்கத்திடம் ஒரு பைசா வாங்கியதில்லை" என்று சொல்லும் விவசாயி கூட பெரும்பாலும் மானியத்தில்தான் விவசாயம் செய்கிறார். 45 கிலோ யூரியா மூட்டை கடையில் 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது என்றால், அதன் உற்பத்திச் செலவில் பெரும்பகுதியை மத்திய அரசு கட்டுகிறது என்று அர்த்தம். கிணற்று மோட்டாருக்கு மீட்டர் இல்லாமல் மின்சாரம் ஓடுகிறது என்றால், அந்தக் கட்டணத்தை மாநில அரசு கட்டுகிறது. ஆகவே முழுக்க மானியம், முழுக்கச் சொந்தக் காசு என்று இரண்டு பாதைகள் கிடையாது. எந்தச் செலவுக்கு மானியத்தை நம்பலாம், எந்தச் செலவுக்கு நம்பக் கூடாது என்பதுதான் நாம் எடுக்க வேண்டிய முடிவு.

## எதை வைத்து எடை போடுவது

காசு எப்போது போகிறது, எப்போது வருகிறது. சில மானியம் நேராகப் பொருளின் விலையில் கழிந்துவிடும். சில திட்டங்களில் முழுப் பணத்தையும் நாம் கட்டி, பொருளை வாங்கி, ஆய்வு முடிந்த பிறகுதான் வங்கிக் கணக்கில் ஏறும். இதைப் பின்னேற்பு மானியம் என்பார்கள். கையில் காசில்லாதவர் இதற்காக வட்டிக்கு வாங்கினால், அந்த வட்டியையும் பொருளின் விலையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

பட்டம் தவறுமா. ஆடிப்பட்டத்துக்கு வேண்டிய பொருள் ஐப்பசியில் வந்தால் அந்தப் போகத்துக்கு அதனால் பலன் இல்லை. ஒரு பட்டம் தவறினால் போகும் பணம் மானியத் தொகையைவிட அதிகமா என்று பார்க்க வேண்டும்.

நிபந்தனை என்ன. எந்தக் கம்பெனி, எத்தனை வருடம் விற்கக் கூடாது, எந்தப் பயிர், எத்தனை ஏக்கர் வரை.

மானியம் நின்றால் தாங்குமா. ஒருமுறை வாங்கும் பொருளுக்கு இந்தப் பயம் இல்லை. வருடா வருடம் வரும் மானியத்துக்கு உண்டு.

மண்ணுக்கும் தண்ணீருக்கும் என்ன ஆகிறது. இது ரசீதில் வராது. ஆனால் பத்து வருடம் கழித்து போர்வெல் போடும்போது தெரியும்.

நிலம் யார் பெயரில். மற்ற எல்லாக் கேள்விகளையும் ஓரம் தள்ளிவிடுகிற கேள்வி இது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: மானியமே இல்லாவிட்டாலும் இந்தப் பொருள் என் தோட்டத்துக்கு வேண்டுமா? வேண்டும் என்றால் மானியத்துக்கு அலைவதில் அர்த்தம் இருக்கிறது. வேண்டாம் என்றால் இலவசமாகக் கொடுத்தாலும் நஷ்டம்தான்.

## சொட்டுநீர்ப் பாசனம்

மானியத்தில்: தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்கு 100 சதவீதம், மற்றவர்களுக்கு 75 சதவீதம். ஐந்து ஏக்கர் வரை உள்ளவர் சிறு விவசாயி, இரண்டரை ஏக்கருக்குள் உள்ளவர் குறு விவசாயி. பணம் கம்பெனிக்கு நேராகப் போய்விடுவதால் நாம் முன்கூட்டி முழுத் தொகையைக் கட்ட வேண்டியதில்லை. அங்கீகரித்த கம்பெனிகளின் பட்டியலிலிருந்து நாமே தேர்ந்தெடுக்கலாம். ஒருமுறை வாங்கினால் அதே நிலத்துக்கு ஏழு வருடம் கழித்துத்தான் மறுபடி கேட்க முடியும்.

சொந்தக் காசில்: கடையில் பைப் வாங்கி, உள்ளூர் ஆளை வைத்து இரண்டு நாளில் போட்டுவிடலாம். நாம் விரும்பும் இடைவெளி, விரும்பும் தரம். யாரும் ஆய்வுக்கு வரப்போவதில்லை.

கணக்குக்காக ஏக்கருக்கு 45,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காய்கறி போல நெருக்கமாக நடும் பயிருக்கு ஏறக்குறைய இப்படி வரும். தென்னைக்கு மரங்கள் தள்ளித் தள்ளி நிற்பதால் பாதிகூட ஆகாது. மூன்று ஏக்கர் காய்கறிக்கு 1,35,000. நகைக்கடனில் 10 சதவீத வட்டி என்றால் வருடத்துக்கு 13,500 ரூபாய் வட்டி மட்டும். சிறு விவசாயிக்கு மானியத்தில் இந்தச் செலவு முழுக்க மிச்சம். காத்திருக்கும் ஒரு போகத்துக்கு வழக்கம்போல வாய்க்காலில் பாய்ச்சிக்கொள்ளலாம். அதனால் ஐந்து ஏக்கருக்குள் நிலம் சொந்தப் பெயரில் இருப்பவருக்கு நான் தயங்காமல் சொல்வது, காத்திருந்து மானியத்தில் போடுங்கள் என்பதுதான். எட்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கும் 3,60,000-இல் 90,000 கட்டினால் போதும் என்பதால் பதில் மாறாது.

மறைமுகச் செலவு இங்கே வேறு இடத்தில் இருக்கிறது. இலவசமாக வந்த சொட்டுநீர் இரண்டே வருடத்தில் வரப்பில் சுருண்டு கிடப்பதைப் பல தோட்டங்களில் பார்க்கலாம். காரணம் பெரும்பாலும் ஃபில்டர். ஃபில்டர் மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் சல்லடையை எடுத்துப் பாருங்கள். வாரம் ஒருமுறை கழுவாத சல்லடையில் பாசியும் வண்டலும் சேர்ந்து கொழகொழவென்று ஒரு படலம் ஒட்டியிருக்கும். அழுத்தம் குறைந்து, கடைக்கோடிச் செடிக்குத் தண்ணீர் போகாது. உப்புத் தண்ணீர் வரும் போர்வெல் என்றால் செடி வரிசையோடு ஓடும் மெல்லிய குழாயான லேட்டரல் டியூப்பின் துளைகளில் வெள்ளையாக உப்புக் கட்டி அடைத்துக்கொள்ளும். அதற்கு அவ்வப்போது ஆசிட் விட்டு, டியூப் நுனி மூடியைத் திறந்து ஓடவிட வேண்டும். எலியும் அணிலும் கடிப்பது, களைவெட்டும்போது கொத்து படுவது தனி. இந்தப் பராமரிப்புக்கு யாரும் மானியம் தரமாட்டார்கள். வருடத்துக்கு ஏக்கருக்குக் கொஞ்சம் பணமும், வாரத்தில் அரை மணி நேரமும் ஒதுக்க முடியாது என்றால் எந்த வழியில் வாங்கினாலும் வீண்.

கம்பெனியைத் தேர்ந்தெடுக்கும்போது பெரிய பெயரைப் பார்க்காமல், உங்கள் ஊருக்குப் பக்கத்தில் அவர்களுக்கு ஆள் இருக்கிறாரா என்று பாருங்கள். வேலை முடிந்ததாகக் கையெழுத்துக் கேட்கும்போது, மோட்டாரைப் போட்டு ஒவ்வொரு வால்வாகத் திறந்து, கடைசி வரிசையின் கடைசிச் செடிவரை நடந்து பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். இதில் சங்கடப்பட வேண்டியதில்லை. அது உங்கள் பெயரில் செலவாகும் பணம். பணி ஆணை வருவதற்கு முன்னால் அவசரப்பட்டு நீங்களே போட்டுவிட்டால் அதற்குப் பிறகு மானியம் கேட்க முடியாது என்பதையும் மனதில் வையுங்கள்.

சொந்தக் காசு எப்போது சரி: அரை ஏக்கர், முக்கால் ஏக்கருக்கு மட்டும் போடுவதென்றால். பட்டா இன்னும் தாத்தா பெயரில் இருந்து, பாகப்பிரிவினை முடிய வருடக்கணக்கில் ஆகும் என்றால். ஏழு வருடத்துக்குள் ஏற்கெனவே வாங்கியிருந்தால்.

## தண்ணீர் இறைக்க: இலவச மின்சாரம், தட்கல், சோலார், டீசல்

விவசாயத்துக்கு இலவச மின்சாரம் சும்மா வந்ததில்லை. 1970-இல் மின்கட்டண உயர்வை எதிர்த்துக் கோவை வட்டாரத்தில் தொடங்கிய போராட்டம், விவசாயிகள் தலைவர் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாநிலம் முழுக்கப் பரவியது. பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிர் விட்டார்கள். 1989-இல் ஆட்சிக்கு வந்த கருணாநிதி அரசுதான் எல்லா விவசாயிகளுக்கும் கட்டணத்தை ரத்து செய்தது. இந்த வரலாறு தெரிந்தவர் யாரும் இதை அலட்சியமாக "ஓசி கரண்ட்" என்று சொல்ல மாட்டார்கள்.

ஆனால் புதிதாக இணைப்புக் கேட்பவருக்குச் சிக்கல் வேறு. சாதாரண வரிசையில் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 2021-22-இல் ஒரு லட்சம், அடுத்த ஆண்டு 50,000 என்று அரசு மொத்தமாக இணைப்புகளை வழங்கியபோது வரிசை நகர்ந்தது. மற்ற நேரங்களில் மெதுவாகத்தான் நகரும்.

தட்கல்: இது பாதி சொந்தக் காசு, பாதி மானியம். அரசு இந்தத் திட்டத்தைத் திறக்கும் காலங்களில் 5 குதிரைத்திறனுக்கு 2.5 லட்சம், 7.5-க்கு 2.75 லட்சம், 10-க்கு 3 லட்சம், 15-க்கு 4 லட்சம் என்று ஒரே தடவையாகக் கட்டினால் முன்னுரிமையில் இணைப்பு. அதன் பிறகு மின்சாரம் இலவசம்.

டீசல் இன்ஜின்: முழுக்கச் சொந்தக் காசு. 5 குதிரைத்திறன் இன்ஜின் மணிக்கு ஒரு லிட்டரோ சற்று அதிகமாகவோ குடிக்கும். நாளைக்கு ஆறு மணி நேரம், வருடத்தில் 150 நாள் என்றால் 900 மணி நேரம். லிட்டர் 92 ரூபாய் என்று போட்டால் 82,800 ரூபாய். அதாவது மூன்று வருட டீசல் செலவும் 5 குதிரைத்திறன் தட்கல் கட்டணமும் ஏறக்குறைய ஒன்று. கடன் வாங்கித் தட்கல் கட்டினாலும் நாலைந்து வருடத்தில் கணக்கு நேராகிவிடும். வருடத்தில் 30, 40 நாள் மட்டும் உயிர்த்தண்ணீர் விடும் மானாவாரிக் காட்டுக்கு இது பொருந்தாது. அங்கே பழைய டீசல் இன்ஜின், அல்லது பக்கத்துத் தோட்டத்துக்காரரிடம் மணிக்கணக்கில் தண்ணீர் வாங்குவதே போதும்.

சோலார் பம்பு: மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து பொதுவாக 60 சதவீதம் தருகின்றன. சிறு, குறு விவசாயிகளுக்கும் ஆதிதிராவிடர், பழங்குடியின விவசாயிகளுக்கும் அதைவிடக் கூடுதல். வேளாண் பொறியியல் துறை வழியாக வருகிறது. ஐந்து வருடம் கம்பெனியே பராமரிக்க வேண்டும். பகலில் தண்ணீர் இறைக்கலாம், ராத்திரி மும்முனை மின்சாரத்துக்காகக் கண்விழித்துப் பாம்புக்குப் பயந்து நடக்க வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே சோலாரை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. குறை என்னவென்றால், ஐப்பசி, கார்த்திகை மேகமூட்டத்தில் தண்ணீர் குறையும். ஆழமான போர்வெல்லுக்கு, அதுவும் 700, 800 அடிக்குப் போய்விட்ட கொங்குப் பகுதிக் கிணறுகளுக்கு, மானியத்தில் கிடைக்கும் சிறிய பம்பு எடுக்காது. பலகையைத் துடைக்க ஆள் வேண்டும், திருட்டுப் போகாமல் பார்க்க வேண்டும். மின் இணைப்புக்கு ஏற்கெனவே பதிவு செய்திருப்பவர், சோலார் வாங்கினால் அந்த வரிசை எண் என்ன ஆகும் என்பதை விண்ணப்பிக்கும் முன்பே எழுத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

இனி மனதை உறுத்தும் விஷயம். தண்ணீர் இறைக்கக் காசில்லை என்றால் அதிகம் இறைப்போம். மின்சாரம் எப்போது வருகிறதோ அப்போது மோட்டார் ஓடட்டும் என்று ஆட்டோ ஸ்டார்ட்டரைப் போட்டுவிட்டுத் தூங்கப் போவது ஊர் ஊராகப் பழக்கம். பாத்தி நிறைந்து வாய்க்கால் தாண்டி ஓடும். நீர்மட்டம் இறங்க இறங்க, மின்சாரத்தில் மிச்சம் பிடித்த பணமெல்லாம் போர்வெல்லை ஆழப்படுத்துவதில் போய்விடுகிறது. காய்ந்துபோன ஒரு போர்வெல், பல வருட மின்சாரச் சலுகையை ஒரே நாளில் விழுங்கிவிடும். அதனால் இலவச மின்சாரம் வைத்திருப்பவர் சொட்டுநீரையும் சேர்த்துப் போடுவதுதான் கணக்குக்குச் சரி. இரண்டு மானியங்களில் ஒன்றை மட்டும் எடுத்தால் தண்ணீர் போய்விடும்.

## உரம்

தழைச்சத்தும் மணிச்சத்தும் சேர்ந்த டிஏபி உரம் 50 கிலோ மூட்டை 1,350 ரூபாய், தழைச்சத்து மட்டும் உள்ள யூரியா 266.50. யூரியா இவ்வளவு மலிவாக இருப்பதில்தான் சிக்கல். நெல் கொஞ்சம் வெளுத்தால் "பச்சை பிடிக்கல" என்று இன்னொரு மூட்டை போகிறது. காவிரிப் படுகையில் குறுகிய கால நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை ஹெக்டேருக்கு 150 கிலோ தழைச்சத்து, 50 கிலோ மணிச்சத்து, 50 கிலோ சாம்பல்சத்து. ஏக்கருக்கு இதைக் கணக்குப் போட்டால், ஒரு மூட்டைக்குச் சற்றுக் குறைவான டிஏபியோடு யூரியா இரண்டரை மூட்டை போதும். நான்கு, ஐந்து மூட்டை போடும் வயல்கள் உண்டு. கூடுதல் மூட்டையின் விலை சொற்பம். ஆனால் அந்தப் பச்சைக்கு இலைச்சுருட்டுப் புழுவும் புகையானும் குலைநோயும் தேடி வரும், கதிர் வந்ததும் காற்றில் பயிர் சாயும். இரண்டு தடவை மருந்தடிக்கும் செலவு எத்தனை யூரியா மூட்டைக்குச் சமம் என்று போட்டுப் பாருங்கள்.

இன்னொரு மறைமுகச் செலவு கடையில் நடக்கிறது. தட்டுப்பாடு நேரத்தில் யூரியா கேட்டால், கூடவே நமக்குத் தேவையில்லாத ஏதாவது ஒரு பாட்டிலையோ பாக்கெட்டையோ தள்ளிவிடுகிறார்கள். அப்போது 266 ரூபாய் மூட்டையின் உண்மையான விலை வேறு.

உர மானியத்தை விட்டு வெளியே போவது என்றால் இயற்கை விவசாயம். இயற்கை வேளாண் முன்னோடி நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து சொன்னது இதைத்தான்: இடுபொருள் உன் தோட்டத்திலேயே இருக்கட்டும். மாடு இருக்கிறது, குடும்பத்தில் வேலை செய்ய ஆள் இருக்கிறது, விற்க ஆள் பிடித்து வைத்திருக்கிறீர்கள் என்றால் இது நல்ல பாதை, நான் மதிக்கும் பாதை. மாடு இல்லாதவர், மாட்டுச் சாணம், கோமியத்தில் தயாராகும் ஜீவாமிர்தத்தையும் பஞ்சகவ்யத்தையும் கடையில் வாங்கிச் செய்தால் இரசாயன உரத்தைவிடச் செலவு கூடும். முதல் இரண்டு, மூன்று வருடம் விளைச்சல் குறைவதைத் தாங்கக் கையில் காசு வேண்டும்.

மொத்த நிலத்தையும் ஒரே போகத்தில் மாற்ற வேண்டாம். 2021-இல் இலங்கை அரசு இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாகத் தடை செய்து, நெல்லும் தேயிலையும் அடி வாங்கி, அந்த ஆண்டு நவம்பரிலேயே பின்வாங்க வேண்டி வந்தது. ஒரு நாடே தாங்காததை நாலு ஏக்கர்க் குடும்பம் தாங்காது. ஒரு ஏக்கரில் தொடங்குங்கள். தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்துப் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுவதிலிருந்து ஆரம்பிக்கலாம். பசுந்தாள் உர விதைக்கும் இப்போது மானியம் இருக்கிறது என்பதால், இரண்டு பாதைகளும் இந்த இடத்தில் ஒன்று சேர்ந்துவிடுகின்றன.

## இயந்திரங்கள்

இதில் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பவர் டில்லர், களையெடுக்கும் கருவி (பவர் வீடர்), ரோட்டவேட்டர் போன்றவற்றுக்கு 40 முதல் 50 சதவீதம் மானியம் உண்டு, உச்சவரம்போடு. அந்த உச்சவரம்பால் விலை உயர்ந்த மாடலுக்குச் சதவீதம் குறைந்துவிடும். குறிப்பிட்ட வருடங்களுக்கு விற்க முடியாது. மானியம் போக நீங்கள் கட்டும் தொகையை, வெளிச்சந்தையில் பேரம் பேசி வாங்கும் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சில நேரம் வித்தியாசம் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கும். ஐந்து ஏக்கருக்குள் இருப்பவருக்குச் சொந்த டிராக்டர் எந்த மானியத்திலும் கட்டுப்படியாகாது. தமிழ்நாடு அரசின் உழவன் செயலி வழியாக வேளாண் பொறியியல் துறையிடம் வாடகைக்கு எடுப்பதே நல்லது. சீசனில் அது கிடைக்காமல் போனால் தனியாரிடம் கூடுதலாகக் கொடுக்க வேண்டிவரும், அதையும் கணக்கில் சேருங்கள். பவர் வீடர் மட்டும் விதிவிலக்கு. களையெடுக்க ஆள் கிடைக்காத ஊரில் மானியம் வந்தாலும் வராவிட்டாலும் வாங்கிவிடலாம்.

## கடனும் காப்பீடும்

தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கி, தவணைக்குள் கட்டினால் தமிழ்நாட்டில் வட்டியே இல்லை. வங்கியில் கிசான் கடன் அட்டை என்றால் 3 லட்சம் வரை 7 சதவீதம், சரியாகக் கட்டினால் 4 சதவீதம். உரக்கடைக்காரரிடமோ கமிஷன் மண்டியிலோ வாங்கும் கடனோடு இதை ஒப்பிடவே தேவையில்லை. மண்டியில் வாங்கினால் விளைச்சலை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்குப் போட வேண்டும். வட்டியைவிட அதுதான் பெரிய இழப்பு.

சங்கத்தில் உறுப்பினராகச் சேர்ந்து வைத்திருப்பதில் இன்னொரு பலனும் உண்டு. 2021-இல் 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி ஆனபோது, கூட்டுறவில் கடன் வைத்திருந்தவர்களுக்குத்தான் அது கிடைத்தது. தனியாரிடம் வாங்கியவர்கள் வேடிக்கை பார்க்க வேண்டியதாயிற்று. ஆனால் அடுத்த தேர்தலை எதிர்பார்த்து வேண்டுமென்றே கட்டாமல் விடுவது மோசமான முடிவு. தவணை தாண்டினால் வட்டி ஏறும், அடுத்த போகத்துக்குக் கடன் வராது, மறுபடி மண்டிக்கே போக நேரும்.

பயிர்க் காப்பீட்டில் விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் கரீஃப் (மழைக்கால) பயிருக்கு 2, ராபி (குளிர்கால) பயிருக்கு 1.5, பணப்பயிர், தோட்டப்பயிருக்கு 5 சதவீதம். மீதிப் பிரீமியத்தை அரசுகள் கட்டுகின்றன. இதில் முக்கியமான குறை, மகசூல் இழப்பைக் கிராம அளவில் பயிர் அறுவடைப் பரிசோதனை செய்து கணக்கிடுவார்கள். உங்கள் வயலில் மட்டும் மகசூல் குறைந்து, ஊர் சராசரி நன்றாக இருந்தால் பொதுவாகப் பணம் வராது. இருந்தாலும் வடிகால் இல்லாத நாகை, மயிலாடுதுறை, கடலூர்ப் பக்கம் சம்பா சாகுபடி செய்பவர் கட்டாமல் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. அந்தப் பிரீமியத்துக்கு வெளியே யாரும் அந்த ஆபத்தை ஏற்க மாட்டார்கள். மேட்டுப்பாங்கான, கிணற்றுப் பாசன வயலுக்கு அவ்வளவு அவசரமில்லை.

## விற்பனை: கொள்முதல் நிலையமா, சொந்த வாடிக்கையாளரா

2025-26 பருவத்துக்கு மாநில ஊக்கத்தொகையும் சேர்த்து நெல்லுக்கு அரசின் கொள்முதல் விலை, குவிண்டால் பொது ரகம் 2,500, சன்ன ரகம் 2,545 ரூபாய். விலை முன்கூட்டியே தெரிகிறது, பணம் வங்கிக்கு வருகிறது. ஆடுதுறை 43, கோ 51 போன்ற குறுகிய கால ரகத்தைப் போட்டு, அறுத்து, நிலையத்தில் கொட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஆனால் நேரடி கொள்முதல் நிலையத்தின் வாசலில் நிற்பவருக்குத்தான் அதன் செலவு தெரியும். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். குறுவை அறுவடை ஐப்பசி மழையோடு மோதும். சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை என்று நாட்கள் போகும். குவித்து வைத்த நெல்லின் மேல் தார்ப்பாய் போட்டு, காலையில் விலக்கி, கிளறிக் காயவைத்து, சாயந்திரம் மறுபடி மூட வேண்டும். அடியில் இருக்கும் நெல்லுக்குள் கையை விட்டால் சூடு தெரியும், ஓரத்தில் முளை விட்டிருக்கும். அந்த ஆள்கூலி, அந்தக் காவல், எடைபோடும் இடத்தில் கைமாறும் பணம் எல்லாம் சேர்ந்தால் அறிவித்த விலையில் ஒரு பகுதி கரைந்துவிடும். அரசாங்கம் கொடுப்பதாகச் சொல்லும் விலை முழுதாக விவசாயி கைக்குப் போய்ச் சேர வேண்டும் என்பதற்காகக் குரல் கொடுக்க வேண்டியது நம் எல்லோர் கடமையும்தான்.

மறுபக்கம், மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக்கவுனி போன்ற பாரம்பரிய நெல்லைப் போட்டு அரிசியாக்கி நேராக விற்பது. நெல் ஜெயராமன் அழிந்துகொண்டிருந்த ரகங்களைத் தேடிச் சேர்த்துத் திருத்துறைப்பூண்டியில் விதைத் திருவிழா நடத்தியதால்தான் இன்று இந்த வழி திறந்திருக்கிறது. கிலோவுக்கு விலை அதிகம். ஆனால் வயது நீளம், பயிர் உயரமாக வளர்ந்து சாயும், விளைச்சல் குறைவு. அரைக்க நல்ல மில் வேண்டும், வண்டு விழாமல் வைக்க இடம் வேண்டும், பார்சல் கட்ட ஆள் வேண்டும், பணம் சிறுகச் சிறுகத்தான் வரும். வாடிக்கையாளர் இல்லாமல் ஐந்து ஏக்கரில் கருப்புக்கவுனி போட்டு, கடைசியில் வியாபாரி கேட்ட விலைக்குக் கொடுத்தவர்கள் நிறைய. விற்க முடிந்த அளவுக்கு மட்டும் அதைப் போட்டு, மீதியைக் கொள்முதல் நிலையத்துக்கு வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

## ஒரே பார்வையில்

| செலவு | மானியத்தில் எடுப்பது நல்லது | சொந்தக் காசில் செய்வது நல்லது | கண்ணில் படாத செலவு |
|---|---|---|---|
| சொட்டுநீர் | பட்டா சொந்தப் பெயரில் உள்ள எல்லோருக்கும் | சிறு துண்டு நிலம், வில்லங்கப் பட்டா | ஃபில்டர், உப்படைப்பு, பராமரிப்பு |
| மின் இணைப்பு | தட்கல், ஆண்டு முழுக்கப் பாசனம் என்றால் | சில நாள் மட்டும் பாசனம் என்றால் டீசல் | நீர்மட்டம் இறங்குவது |
| சோலார் | ஆழம் குறைந்த கிணறு, பகல் பாசனம் | முழு விலையில் கட்டுப்படியாகாது | மழைக்காலம், திருட்டு, வரிசை எண் |
| உரம் | மண் பரிசோதனைப்படி அளவோடு | மாடும் சந்தையும் இருந்தால் இயற்கை வழி | பூச்சிமருந்து, கட்டாய இணைப்பொருள் |
| இயந்திரம் | பவர் டில்லர், ஓரளவுக்கு | வாடகை, பவர் வீடர் | விற்க முடியாத வருடங்கள் |
| பயிர்க்கடன் | எப்போதும் | இல்லை | தவணை தவறினால் வட்டி |
| விற்பனை | குறுகிய கால நெல் | வாடிக்கையாளர் உள்ள அளவுக்குப் பாரம்பரிய நெல் | காத்திருப்பு, ஈரம், கூலி |

## "நியூசிலாந்தைப் பாருங்கள்" என்பவர்களுக்கு

மானியமே வேண்டாம் என்று வாதிடுபவர்கள் தவறாமல் சொல்லும் உதாரணம் இது. 1984-இல் அந்த நாடு விவசாய மானியங்களை ஏறக்குறைய முழுவதுமாக நிறுத்தியது. அதற்கு முன் ஆடு, மாடு வளர்ப்பவர்களின் வருமானத்தில் 40 சதவீதத்தை ஒட்டி அரசுப் பணமாக இருந்தது. பத்தில் ஒரு பண்ணை மூடப்படும் என்று பயந்தார்கள், நூற்றில் ஒன்றுதான் கட்டாயமாக விற்கப்பட்டது. ஆட்டுக்கு மானியம் என்பதற்காகச் செங்குத்தான மலைச்சரிவில்கூட ஆடு மேய்த்த வழக்கம் நின்றது. 1980-களின் தொடக்கத்தில் சுமார் 7 கோடியாக இருந்த செம்மறி ஆடுகள் காலப்போக்கில் பாதிக்கும் கீழே இறங்கின. பால் பண்ணைகள் பெருகின. மானியம் தவறான பயிரையும் தவறான நிலத்தையும் பிடித்து வைக்கும் என்பதற்கு இது நல்ல சாட்சி, டெல்டாவில் நெல்லைத் தவிர வேறு எதையும் யோசிக்க விடாத நிலைமைக்கும் பொருந்தும்.

ஆனால் அங்கே பண்ணை என்பது பல நூறு ஏக்கர். தமிழ்நாட்டில் 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி ஒருவரின் சராசரி நிலம் 0.75 ஹெக்டேர், இரண்டு ஏக்கருக்கும் குறைவு. அந்த அளவு நிலத்தில் ஒரு போகம் போனால் அடுத்த போகத்துக்கு விதை வாங்கக் காசிருக்காது. அவர்கள் தாங்கியதை இவர்கள் தாங்குவார்கள் என்று சொல்வது நியாயமில்லை.

## குத்தகைக்குச் செய்பவர்

இவருக்குத்தான் இந்த ஒப்பீடு கசப்பாக முடிகிறது. பெரும்பாலான மானியங்கள் பட்டாவைப் பார்த்து வருகின்றன. மத்திய அரசின் பிஎம் கிசான் உதவித்தொகையான வருடத்துக்கு 6,000 ரூபாயும் நிலத்தின் உரிமையாளருக்குத்தான். 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தும், வாய்மொழிக் குத்தகையே இன்றும் அதிகம். எழுத்தில் கொடுத்தால் உரிமை கேட்டுவிடுவாரோ என்று நிலத்துக்காரர் பயப்படுகிறார். வெயிலில் நிற்பவர் ஒருவர், பணம் வாங்குபவர் வேறொருவர் என்ற இந்த நிலை மாற வேண்டும்.

அதுவரை செய்யக்கூடியது: கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடி அடங்கலை, அதாவது எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற பதிவை, உங்கள் பெயரில் வாங்கப் பாருங்கள். காப்பீட்டுக்கும், அடங்கலை வைத்துக் கொடுக்கும் பருவ உதவிகளுக்கும் அது பயன்படும். 2021 முதல் மூன்று வருடம் குறுவை நெல் சாகுபடிக்கான அரசின் தொகுப்புத் திட்டத்தில் ஏக்கருக்கு இரண்டு மூட்டை யூரியா, ஒரு மூட்டை டிஏபி, அரை மூட்டை பொட்டாஷ் இலவசமாகக் கொடுத்தபோது, அடங்கல் வைத்திருந்தவர்கள் வாங்கினார்கள். சொட்டுநீர், சோலார், போர்வெல் போன்ற நிரந்தரப் பொருள்களில் உங்கள் சொந்தக் காசைப் போடாதீர்கள். நிலத்தைத் திரும்பக் கேட்டால் பைப்பையாவது சுருட்டிக்கொண்டு போகலாம், போட்ட போர்வெல்லைக் கொண்டுபோக முடியாது. நிலத்துக்காரர் தன் பெயரில் மானியம் வாங்கிப் போட்டுக் கொடுத்தால், குத்தகைத் தொகையில் எவ்வளவு ஏற்றுவார் என்பதை முன்னாலேயே பேசிவிடுங்கள்.

## விண்ணப்பிக்கும் முன்

பட்டா கூட்டாக இருந்தால் முதலில் தனிப்பட்டாவுக்கு எழுதிக் கொடுங்கள், இதற்கு ஆகும் காலம்தான் அதிகம். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் வாங்கிவிடுங்கள். இப்போது திட்டத்துக்குத் திட்டம் அதைக் கேட்கிறார்கள். ஆதார், வங்கிக் கணக்கு, பட்டா மூன்றிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். ஒரு இனிஷியல் மாறினாலே பணம் நின்றுவிடும். சிறு, குறு விவசாயி சான்றை வட்டாட்சியர் அலுவலகத்தில் வாங்கி வையுங்கள். சிட்டா, அடங்கல், புலப்பட நகல், ரேஷன் அட்டை, போட்டோ எல்லாவற்றையும் ஒரு உறையில் போட்டு வைத்தால் ஒவ்வொரு துறைக்கும் தனித்தனியாக அலைய வேண்டாம்.

நிதி ஒதுக்கீடு ஆண்டுத் தொடக்கத்தில் வரும், தீர்ந்தால் அடுத்த வருடம்தான். ஆடிப்பட்டத்துக்குச் சொட்டுநீர் வேண்டும் என்றால் சித்திரையிலேயே பதிவு செய்யுங்கள். பதிவு செய்த எண்ணையும் தேதியையும் எழுதி வைத்து, மாதம் ஒருமுறை உதவி தோட்டக்கலை அலுவலரிடம் நேரில் போய்க் கேளுங்கள். இடைத்தரகர் யாராவது "நான் முடித்துத் தருகிறேன்" என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். பதிவு இலவசம், உழவன் செயலியில் நீங்களே செய்யலாம், இல்லையென்றால் வட்டார வேளாண் விரிவாக்க மையத்தில் செய்து கொடுப்பார்கள்.